வீட்டில் கட்டிய ஃபஸ் பெடல் சத்தம் போடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபஸ் பெடல் என்றால் கிற்றாருக்கும் அம்புக்கும் (அம்ப்ளிஃபயர்) நடுவில் காலடியில் வைத்து, கிற்றார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். "அண்ணை, ரான்சிஸ்டர் செத்துப்போச்சு, புதுசு எங்கே வாங்கலாம்?" திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஜாக்கிலோ சுவிட்சிலோ ஒரு வயர் மாறியிருக்கும், ரான்சிஸ்டர் பாவம் தன் பாட்டில் இருக்கும். அதனால் ஒரு வேண்டுகோள்: இதைக் கடைசி வரை வாசித்து முடிக்கும் வரை எந்தச் சாமானையும் கழற்றி மாற்றாதீர்கள். மாற்றி மாற்றிச் சூடு காட்டினால் போர்டில் உள்ள செப்புக்கோடு உரிந்துவிடும், அப்புறம் ஒரு பழுது இரண்டு பழுதாகும்.

இங்கே எந்தச் சர்க்கிட்டைப் பற்றிக் கதைக்கிறோம்?

ஃபஸ் ஃபேஸ். 1966 இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் வெளியிட்டது, மைக் ஸ்டாண்டின் வட்ட அடித்தட்டைப் பார்த்துத்தான் அதன் பெட்டிக்கு அந்த உருவம் வந்தது, ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலடியில் இருந்ததால் உலகம் முழுக்கத் தெரிந்தது. முதலில் ஜெர்மேனியம் ரான்சிஸ்டரோடு வந்தது, பிறகு சிலிக்கன். எங்கள் யாழ்ப்பாணத்தில் பெடியள் கட்டுவது பெரும்பாலும் சிலிக்கன் என்பிஎன் வகை, ஆகவே கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் அதற்குரியவை.

சாமான் மொத்தம் 11 தான். ரான்சிஸ்டர் 2, ரெசிஸ்டர் 4 (33கே, 8.2கே, 330 ஓம், 100கே), கப்பாசிட்டர் 3 (2.2 மைக்ரோ, 22 மைக்ரோ, 10 நானோ), பொட், அதாவது திருகும் ரெசிஸ்டர் 2 (1கே, 500கே). கிற்றார் சத்தம் 2.2 மைக்ரோ வழியாக முதல் ரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகும். அதன் எமிட்டர் கிரவுண்டில். கலெக்டருக்கு 33கே வழியாக 9 வோல்ட் வரும், அதே கலெக்டர் நேரே இரண்டாவது ரான்சிஸ்டரின் பேஸில் தொடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவதன் எமிட்டரில் இருந்து கிரவுண்டுக்கு 1கே ஃபஸ் பொட், அந்தப் பொட்டின் நடுக்காலில் இருந்து கிரவுண்டுக்கு 22 மைக்ரோ. எமிட்டரில் இருந்து திரும்பி முதல் பேஸுக்கு 100கே. இரண்டாவதன் கலெக்டருக்கு மேலே 8.2கே, அதற்கு மேலே 330 ஓம், அதற்கு மேலே 9 வோல்ட். அந்த இரண்டு ரெசிஸ்டரும் சந்திக்கும் இடத்தில் இருந்து 10 நானோ வழியாகச் சத்தம் வொலியூம் பொட்டுக்கு.

இதை ஒரு தாளில் நீங்களே ஒருமுறை கீறுங்கள். போனில் படத்தைப் பார்த்துக்கொண்டு பழுது தேடுகிறவருக்கும், தன் கையால் கீறிய படத்தை வைத்துத் தேடுகிறவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

சுவிட்சை எப்படி அமத்தினாலும் சத்தமே இல்லை. பைபாஸிலும் இல்லை.

பைபாஸில் கிற்றார் சர்க்கிட்டுக்குள் போகாமலே நேரே அம்புக்குப் போகும். அதுவே வரவில்லை என்றால் அந்த 11 சாமானைத் தொடவே வேண்டாம். பழுது ஜாக், சுவிட்ச், இவற்றுக்கு இடையில் உள்ள வயர் ஆகியவற்றில் மட்டும்தான். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள் (சிரிக்காதீர்கள், எத்தனையோ பேர் வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கிறார்கள்). பிறகு ஜாக்கின் டிப்பும் (பிளக்கின் நுனியைத் தொடும் கால்) கிரவுண்டும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீரியோ ஜாக்கில் மூன்று கால் இருப்பதால் எது எது என்று கண்ணால் சொல்வது கஷ்டம், பிளக்கைச் செருகி மீற்றரை பஸர் நிலையில் வைத்து, பிளக்கின் நுனியில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எந்தக் கால் கத்துகிறது என்று பாருங்கள். சந்தேகம் தீரும்.

அடுத்தது ஒன்பது கால் சுவிட்ச். அதன் கால்கள் தட்டையாக இருக்கும், அந்தத் தட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்துத்தான் வரிசையும் நிரலும். சுவிட்சை 90 பாகை திருப்பிப் பூட்டிவிட்டுப் படத்தைப் பார்த்து வயர் பிடித்தால் எல்லாமே பிழைக்கும். இங்கேயும் பஸர்தான் வழி: ஒவ்வொரு தொகுதியிலும் நடுக்கால் ஒருமுறை ஒரு பக்கத்தோடும், அமத்தினால் மறுபக்கத்தோடும் சேர வேண்டும். எந்தப் பக்கமும் சேரவில்லை என்றால் சோல்டர் சூட்டில் உள்ளே பிளாஸ்டிக் உருகியிருக்கும். அப்படியானால் வேறு வழியில்லை, புதுச் சுவிட்ச்தான்.

பைபாஸ் நன்றாக வேலை செய்கிறது. ஃபஸ் போட்டால் மட்டும் மௌனம்.

இனித்தான் மீற்றருக்கு உண்மையான வேலை. நூறு வோல்ட்டுக்குள் அளக்கிற சாதாரண டிஜிட்டல் மீற்றர் போதும். கறுப்பு முனையைக் கிரவுண்டில் (ஜாக்கின் உடம்பில்) கவ்வவிட்டு, பெடலுக்குள் ஒரு பிளக்கைச் செருகி வைத்துவிட்டு, சிவப்பு முனையால் ஒவ்வொரு இடமாகத் தொடுங்கள். பிளக்கைச் செருகாமல் அளந்துவிட்டு "கரண்டே இல்லை" என்று வருகிறவர்களும் உண்டு. உள்ளிடு ஜாக்கே பற்றறிக்குச் சுவிட்ச், பிளக் இல்லாவிட்டால் கரண்ட் வராது.

பற்றறி 9 வோல்ட்டுக்குக் கிட்ட இருக்கிறது என்றால், நல்ல பெடலில் இப்படித்தான் காட்டும்: முதல் பேஸ் சுமார் 0.6. முதல் கலெக்டரும் இரண்டாவது பேஸும் (இரண்டும் ஒரே இடம்தான்) சுமார் 1.3. இரண்டாவது எமிட்டர் சுமார் 0.65. இரண்டாவது கலெக்டர் 3.5 இல் இருந்து 5 வரை.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று விளங்கினால் மனப்பாடம் தேவையில்லை. சிலிக்கன் ரான்சிஸ்டர் திறக்க பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் சுமார் 0.6 வோல்ட் வேண்டும், ஏ/எல் பௌதிகவியலில் படித்ததுதான். முதல் எமிட்டர் கிரவுண்டில் இருப்பதால் அதன் பேஸ் 0.6. அந்த 0.6 வருவது 100கே வழியாக இரண்டாவதன் எமிட்டரில் இருந்து, வழியில் கொஞ்சம் இழப்பு, ஆகவே எமிட்டர் 0.65. அதற்கு மேல் இன்னொரு 0.6 ஏறினால் இரண்டாவது பேஸ், அதாவது 1.3. எமிட்டரில் இருப்பது 1கே, அதன் மேல் 0.65 வோல்ட், அப்படியென்றால் ஓட்டம் 0.65 மில்லிஅம்பியர். அதே ஓட்டம் மேலே 8.2கேயும் 330 ஓமும் சேர்ந்த 8.5கேயைக் கடக்கும்போது சுமார் 5.5 வோல்ட்டை விழுங்கும். 9 இல் 5.5 போனால் 3.5. அவ்வளவுதான் கணக்கு.

இனி உங்கள் பெடலின் எண்களை இதோடு வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது கலெக்டரில் முழு 9 வோல்ட், ஆனால் முதல் கலெக்டர் 1.2 அல்லது 1.3 என்று ஒழுங்காக இருக்கிறது: இரண்டாவது எமிட்டருக்குக் கிரவுண்ட் கிடைக்கவில்லை. ஃபஸ் பொட்டின் ஒரு கால் விட்டிருக்கும், அல்லது பொட்டில் இருந்து கிரவுண்டுக்குப் போகிற வயரை மறந்திருப்பீர்கள்.

முதல் பேஸில் பூச்சியம், இரண்டாவதன் கலெக்டரும் எமிட்டரும் ஒன்றோடு ஒன்று ஒட்டி 1.1, 1.2 என்று நிற்கின்றன: 100கே தொடுக்கப்படவில்லை அல்லது வேறு ஓட்டையில் போயிருக்கிறது. முதல் ரான்சிஸ்டர் தூங்குகிறது, இரண்டாவது முழுதாகத் திறந்து கிடக்கிறது.

கலெக்டரும் எமிட்டரும் ஒட்டித்தான் நிற்கின்றன, ஆனால் முதல் பேஸில் 0.6 இருக்கிறது: 330 ஓமையும் 33கேயையும் ஒன்றின் இடத்தில் மற்றதாக மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். இந்தப் பிழை மிகச் சாதாரணம். நாலு கோட்டு ரெசிஸ்டரில் ஒன்று செம்மஞ்சள், செம்மஞ்சள், மண்ணிறம். மற்றது மூன்றும் செம்மஞ்சள். இரவில் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. நீல உடம்புள்ள ஐந்து கோட்டு ரெசிஸ்டர் இன்னும் மோசம், அதைக் கண்ணால் வாசிக்க நான் முயல்வதே இல்லை. சோல்டர் பண்ண முதல் ஒவ்வொன்றையும் மீற்றரில் அளந்துவிட்டுப் போடுங்கள், இரண்டு நிமிட வேலை.

எல்லா இடமும் பூச்சியம்: பற்றறியே வந்து சேரவில்லை. உள்ளிடு ஜாக்கின் ரிங் காலில் (டிப்பும் கிரவுண்டும் போக மிஞ்சும் மூன்றாவது கால்) பற்றறியின் கறுப்பு வயர் இருக்கிறதா பாருங்கள்.

ரான்சிஸ்டரின் கால் எது எது?

பௌதிகவியல் புத்தகத்தில் சேகரிப்பான், அடி, காலி என்று பெயர் படித்திருப்போம், ஆனால் கையில் இருக்கும் கறுப்புத் துண்டில் அது எழுதியிருக்காது. தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாக: பிசி547, பிசி549 இரண்டும் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 நேர்மாறு, எமிட்டர், பேஸ், கலெக்டர். சி1815, சி945 என்று பழைய றேடியோக்களில் கிடைக்கும் ஜப்பான் வகைகளில் எமிட்டர், கலெக்டர், பேஸ், அதாவது நடுவில் இருப்பது பேஸே இல்லை. பிசி108, பிசி109 உலோகத் தொப்பி போட்டவை, தொப்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்குக்குக் கிட்ட இருப்பது எமிட்டர். கடையில் "எல்லாம் ஒன்றுதான் தம்பி" என்று ஒன்றுக்கு மற்றதைத் தருவார்கள். சத்தத்துக்கு ஒன்றாக இருக்கலாம், காலுக்கு ஒன்றல்ல.

கலெக்டரும் எமிட்டரும் மாறினால் ரான்சிஸ்டர் சாகாது, ஆனால் கெயின் (அது பெருக்கும் அளவு) அடிமட்டத்துக்கு விழும். மெலிந்த, அழுக்கான ஒரு சத்தம் வந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

வோல்ட் எல்லாம் சரியாகக் காட்டுகிறது, ஆனாலும் சத்தம் இல்லை.

அப்படியென்றால் சத்தம் வழியில் எங்கேயோ நின்றுவிடுகிறது. எங்கே என்று காதால் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரு கருவி செய்ய வேண்டும், காசு பெரிதாக இல்லை. பழைய கிற்றார் கேபிள் ஒன்றின் ஒரு முனையை வெட்டுங்கள். வெளிப் பின்னல் வயரில் ஒரு முதலைக் கிளிப். உள் வயரில் 100 நானோ கப்பாசிட்டர் ஒன்று, அதன் மறு காலையே தொடும் ஊசியாக வைத்துக்கொள்ளுங்கள். கேபிளின் மறு முனை அம்புக்கு. கப்பாசிட்டர் எதற்கு என்றால், பெடலில் உள்ள டிசி வோல்ட் அம்புக்குள் போகாமல் தடுக்க. கிளிப்பைப் பெடலின் கிரவுண்டில் கவ்வவிட்டு, அம்பின் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, ஊசியால் வழி நெடுகத் தொட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொருவர் பக்கத்தில் இருந்து கிற்றாரைத் தட்டிக்கொண்டிருந்தால் நல்லது. யாரும் இல்லாவிட்டால் போனில் பாட்டொன்றைப் போட்டு, ஹெட்போன் துளையில் இருந்து பெடலின் உள்ளிடுக்கு வயர் இழுத்துவிடுங்கள். ஒரு பாட்டு முழுக்க ஓடும் வரை ஆறுதலாகத் தேடலாம்.

உள்ளிடு ஜாக்கின் டிப்பில் பாட்டு கேட்கும். சுவிட்சின் காலில் கேட்கும். 2.2 மைக்ரோவின் முன் காலில் கேட்கும். முதல் பேஸில் சத்தம் சட்டென்று மெலியும், பயப்பட வேண்டாம், அந்த இடத்தின் இயல்பு அது. முதல் கலெக்டரில் பலமாக வரும். இரண்டாவது கலெக்டரில் காதைக் கிழிக்கும், அதனால்தான் அம்பைக் குறைக்கச் சொன்னேன். அதற்கு மேலே 8.2கேயும் 330உம் சந்திக்கும் இடத்தில் திரும்பவும் குறையும். பிறகு 10 நானோ, வொலியூம் பொட்டின் ஓரக்கால், நடுக்கால், சுவிட்ச், வெளியீடு ஜாக். எந்தப் புள்ளியில் பாட்டு இருந்தது, அடுத்த எந்தப் புள்ளியில் இல்லை என்று தெரிந்ததும் பழுது அந்த ஒரு அங்குலத்துக்குள்தான். பார்த்தால் பளபளப்பில்லாமல் சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஒரு சோல்டர் குமிழ் நிற்கும், அல்லது வயர் மயிரிழை ஒன்று பக்கத்துக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஊசியை 9 வோல்ட் பெடலுக்குள் மட்டும் பாவியுங்கள். வால்வு அம்ப், வீட்டு மின்சாரத்தில் ஓடும் பழைய றேடியோ இவற்றுக்குள் விடவே கூடாது. அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது.

சத்தம் வருகிறது, ஆனால் தும்மல் மாதிரி வெட்டி வெட்டி வந்து நின்றுவிடுகிறது.

இரண்டாவது கலெக்டரை அளங்கள். 7, 8 என்று மேலே போயிருக்கும், இல்லாவிட்டால் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். சத்தம் மேலும் கீழும் ஆட இடம் வேண்டும், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி நின்றால் மெல்லத் தட்டும்போது ஒன்றும் வராது, பலமாகத் தட்டினால் மட்டும் ஒரு துண்டு வெளியே வரும். கெயின் 100 அளவில் உள்ள ரான்சிஸ்டரை முதல் இடத்தில் போட்டால் மேலே சொன்ன 100கேயில் இழப்பு கூடி, எமிட்டர் உயர்ந்து, கலெக்டர் 2க்குக் கீழே போகும். கெயின் கூடியதை அந்த இடத்தில் போடுங்கள். அதோடு 8.2கேயைக் கழற்றிவிட்டு 10கே ட்ரிம்பொட் (திருப்புளியால் திருப்பும் சின்னப் பொட்) ஒன்றை இரண்டு கால் மட்டும் தொடுத்துப் போட்டால், திருப்பித் திருப்பி 4.5 வோல்ட்டுக்குக் கொண்டுவரலாம். கடைசியில் மீற்றரை விட்டுக் காதை நம்புங்கள். சிலருக்கு அந்தத் தும்மல் சத்தமே பிடித்துப்போய் அப்படியே விட்டுவிடுகிறார்கள், அதுவும் நியாயம்தான்.

ஃபஸ் பொட்டைத் திருப்பினால் வோல்ட் மாறுகிறதே?

மாறக் கூடாது. பொட்டின் இரண்டு ஓரமும் எமிட்டரும் கிரவுண்டுமாக இருந்தால் எப்படித் திருப்பினாலும் டிசி பார்ப்பது அதே 1கேயைத்தான். மாறுகிறது என்றால் நடுக்காலை ஓரக்காலின் இடத்தில் பிடித்திருக்கிறீர்கள், அல்லது 22 மைக்ரோவைத் தலைகீழாகப் போட்டு அது ஒழுகுகிறது (கரண்டைக் கசியவிடுகிறது). என்பிஎன் வகையில் அதன் பிளஸ் கால் பொட்டைப் பார்க்க வேண்டும், 2.2 மைக்ரோவின் பிளஸ் கால் ரான்சிஸ்டரின் பேஸைப் பார்க்க வேண்டும்.

கடைசிக் கால்வாசிச் சுற்றில்தான் ஃபஸ் வருகிறது என்று சிலர் முறையிடுவார்கள். அது பழுதல்ல, அந்தப் பொட்டின் சுபாவம்.

பைபாஸை விடச் சத்தம் குறைவு.

சர்க்கிட்டே அப்படித்தான். 8.2கேயும் 330உம் சேர்ந்த ஏணியில் மேல் படியில் இருந்து எடுப்பதால், கலெக்டரில் ஆடும் சத்தத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. 330ஐ எடுத்துவிட்டு 1கே போடுங்கள், ஏறக்குறைய மூன்று மடங்கு கிடைக்கும்.

கிற்றாரைத் தட்டாமல் விட்டால் றேடியோ கேட்கிறது. பெடலுக்குள் யாரோ செய்தி வாசிக்கிறார்கள்.

திருச்சி வானொலியைக் கேட்டு வளர்ந்த ஊர் இது, உங்கள் பெடலும் கேட்கிறது. பாக்குநீரிணை உப்புத் தண்ணீர், மத்திய அலை அதன் மேல் நன்றாகத் தவழ்ந்து வரும். இரவில் மேல் வளிமண்டலத்தில் தெறித்து இன்னும் தூரத்து நிலையங்களும் வரும். நீளமான கேபிள் ஏரியல் ஆகிறது, முதல் ரான்சிஸ்டரின் பேஸ்–எமிட்டர் சந்தி பழைய கிறிஸ்டல் றேடியோவின் டயோட் வேலையைச் செய்கிறது, மிச்சக் கெயின் எல்லாம் சேர்ந்து அதைப் பெரிதாக்குகிறது. ஒரு நாள் ராத்திரி என்னுடைய பெடலில் கர்நாடகக் கச்சேரி ஒன்று ஃபஸ்ஸோடு வந்தது, நிப்பாட்ட மனமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருத்த வேண்டும் என்றால்: உள்ளிடுக்கும் 2.2 மைக்ரோவுக்கும் நடுவில் 1கே ரெசிஸ்டர். முதல் ரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் குறுக்கே 470 பிக்கோ செராமிக், கால்களை இயன்றவரை குட்டையாக வெட்டிப் போடுங்கள். கிற்றார் சத்தத்துக்கு இது ஒன்றும் செய்யாது, றேடியோ அலைக்கு வழி மறிக்கும். அப்புறம் பெட்டி. பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஃபஸ் கட்டாதீர்கள். பிஸ்கட் டின் நல்லது, ஆனால் உள்ளே உள்ள பூச்சை ஜாக் பூட்டும் இடத்தில் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் டின்னுக்குக் கிரவுண்ட் சேராது, தகரம் இருந்தும் பயனில்லை.

இரைச்சல். ம்ம்ம் என்று ஒரே இழுவை.

முதலில் அடப்டரைக் கழற்றிவிட்டுப் பற்றறியில் போட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் அடப்டரில். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான அடப்டரில் மிஞ்சும் அதிர்வைப் பெடல் பெரிதாக்கும். பவர் வருமிடத்தில் 100 மைக்ரோ கப்பாசிட்டர், அதற்கு முன்னால் 100 ஓம் ரெசிஸ்டர் போட்டால் நிறையக் குறையும்.

பற்றறியிலும் நிற்கவில்லை, ஆனால் கிற்றார்க் கம்பியைக் கையால் தொட்டால் குறைகிறதா? அது பெடலின் குற்றமே இல்லை. கிற்றாரின் கவசம், அல்லது அம்ப் போட்டிருக்கும் பிளக்கில் எர்த் இல்லை. எத்தனை வீட்டில் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் துளைக்குள் செருகி வைத்திருக்கிறார்கள்! அதைத் திருத்துவது சத்தத்துக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்.

ரவுட்டர் அடப்டர் 9 வோல்ட்தானே, அதைப் போட்டேன். அதன் பிறகு வேலை செய்யவில்லை.

அநேகமாக ரவுட்டர் அடப்டரில் நடுமுனை பிளஸ். பெடல் உலகத்தில் நடுமுனை மைனஸ். தலைகீழாகக் கரண்ட் போயிருக்கிறது. பவர் துளைக்குப் பின்னால் 1என்4001 டயோட் போட்டிருந்தால் அது முன்னுக்கு நின்று அடி வாங்கியிருக்கும், அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், பெடல் உயிர்த்தால் புது டயோட் போட்டால் முடிந்தது. டயோட் இல்லாவிட்டால் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் இரண்டையும் மாற்றுங்கள், ரான்சிஸ்டரைக் கழற்றி மீற்றரில் கெயின் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ரான்சிஸ்டரைச் சந்தேகிக்க நான் சம்மதிக்கிற ஒரே இடம் இது.

பற்றறி ஒரு கிழமை கூட நிற்கவில்லை.

ஃபஸ் சர்க்கிட் 1 மில்லிஅம்பியர் கூடக் குடிப்பதில்லை. நல்ல அல்கலைன் 9 வோல்ட் பற்றறி அதற்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் காணும். குடிப்பது எல்இடி. அதற்கு 470 ஓம் போட்டிருந்தால் 15 மில்லிஅம்பியர், பெடலைப் போல் பதினைந்து மடங்குக்கு மேல். 4.7கே போடுங்கள், இருட்டில் தெரிகிற அளவுக்கு எரியும், போதும். பிறகு வாசித்து முடிந்ததும் உள்ளிடு பிளக்கைக் கழற்றி வையுங்கள். தொண்ணூறுகளில் பற்றறிக்குத் தடை போட்டிருந்தபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊரில், பற்றறியை இரவு முழுக்க எரியவிட்டுத் தூங்குகிறவர்களைக் கண்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் பொறுக்காது.

தேவாலயத்தில் வாசிக்கிற செமி கிற்றாரில் போட்டால் தகரத்தைக் கீறுகிற மாதிரி இருக்கிறது. நண்பனின் எலெக்ட்ரிக் கிற்றாரில் இனிமையாக இருக்கிறது.

உங்கள் கிற்றாருக்குள் பற்றறி போட்ட ப்ரீஆம்ப் இருக்கிறது. ஃபஸ் ஃபேஸின் உள்ளிடு மின்மறுப்பு மிகக் குறைவு, சாதாரண பிக்கப்பின் மேல் அது பாரமாக ஏறி உட்காரும், அந்தப் பாரத்தில்தான் அந்த மென்மை வருகிறது, கிற்றாரின் வொலியூமைக் குறைத்தால் சத்தம் தெளிவதும் அதனால்தான். நடுவில் ப்ரீஆம்ப் வந்துவிட்டால் பிக்கப்பைப் பெடல் பார்ப்பதே இல்லை. ஃபஸ்ஸுக்கு முன்னால் வேறு பெடல் இருந்தாலும் இதே கதி, ஆகவே வரிசையில் ஃபஸ்தான் முதலாவது. செமி கிற்றாருக்கு 50கே பொட் ஒன்றை உள்ளிடோடு தொடராகப் போட்டுத் திருப்பிப் பாருங்கள், அரைவாசி குணமாவது வரும்.

பழைய றேடியோவில் ஏசி128 கிடைத்தது. ஜெர்மேனியத்தில் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் முதல் பெடலாக வேண்டாம். அது பிஎன்பி, எல்லாம் தலைகீழ்: பிளஸ் கிரவுண்டாகும், எலக்ட்ரோலிட்டிக் திரும்பும், மற்றப் பெடல்களோடு ஒரே அடப்டரில் கோர்த்தால் நேரே சோர்ட். ஜெர்மேனியம் ஒழுகும், வெப்பம் 10 பாகை கூட அந்த ஒழுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மார்கழிப் பனியில் பொருத்தமாகத் திருப்பி வைத்த பெடல் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை மேடையில் தும்மத் தொடங்கும். மீற்றர் காட்டும் கெயினில் ஒழுக்கும் சேர்ந்திருக்கும் என்பதால், 150 என்று காட்டுவது உண்மையில் 80 ஆக இருக்கலாம். ட்ரிம்பொட்டை வெளியே இருந்து திருப்பும்படி ஒரு துளை விடுங்கள்.

ஃபஸ் முழுக்கத் திறந்தால் விசிலடிக்கிறது.

உள்ளிடு வயரும் வெளியீடு வயரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. பிரித்து விடுங்கள், உள்ளிடுக்குக் கவச வயர் போடுங்கள். பற்றறி இறங்கியிருந்தாலும் இப்படி வரும்.

பொட்டைத் திருப்ப கரகர என்கிறது. ஜாக்கை ஆட்டினால் சத்தம் போய் வருகிறது.

குருநகர், பாசையூர்ப் பக்கம் கடலோர வீடென்றால் இது தவிர்க்க முடியாதது, உப்புக் காற்றில் ஜாக்கின் தகடு பச்சை பிடித்துவிடும். கொன்ராக்ட் கிளீனர் அடித்து இருபது முறை செருகி எடுங்கள். சோல்டருக்குத் தகர வேலைக்காரர் பாவிக்கும் அசிட் பசையைத் தொட்டிருந்தால் அதுவும் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும், ஸ்பிரிட்டும் பழைய பல் பிரஷ்ஷும் கொண்டு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

கரகர சத்தம் கழுவிய பிறகும் நிற்கவில்லை என்றால் அந்தப் பொட்டுக்குள் டிசி போகிறதா என்று அளங்கள். வொலியூம் பொட்டில் டிசி இருக்கவே கூடாது, இருந்தால் 10 நானோ ஒழுகுகிறது.

திறந்து வைத்தால் அருமையாக வேலை செய்கிறது. மூடியைப் பூட்டியதும் செத்துவிடுகிறது.

போர்டின் அடிப்பக்கம், அல்லது பொட்டின் கால், அல்லது சுவிட்சின் கால் தகர மூடியில் முட்டுகிறது. நீட்டிக்கொண்டிருக்கும் கால்களை வெட்டிவிட்டு, மூடியின் உள்பக்கத்தில் காட்போட் மட்டை ஒன்றை வெட்டி ஒட்டுங்கள். பழைய கொப்பி மட்டை போதும்.